பீரோவில் இருக்கும் ஒரு ஹார்டு டிஸ்க் போதுமா?

கேள்வி:

திருவொற்றியூரில், கடலிலிருந்து இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. 2018-இல் ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினோம். கல்யாண வீடியோ, இரண்டு பிள்ளைகளும் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள், என் தையல் வகுப்பு டிசைன்கள் எல்லாம் அதில்தான். பின்னி மில்லில் வேலை பார்த்த என் அப்பா, மில் காலத்தைப் பற்றிப் பேசியதைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அப்பா இப்போது இல்லை. அந்தப் பதிவுகளும் அதில்தான் இருக்கின்றன. போனில் இடம் போதாமல் அங்கே அழித்துவிட்டேன். டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி, நகைகளோடு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் வெகுநேரம் கழித்துத்தான் தெரிகிறது. சில நேரம் டக் டக் என்று சத்தம். ஒருமுறை "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது, பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஏதோ கமாண்ட் போட்டால் சரியாகும் என்கிறான். இன்னொருவர் ஃபிரீசரில் வைத்து எடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது? புதிதாக வாங்கினால் எஸ்எஸ்டி வாங்கலாமா? ஆன்லைனில் 16 டெராபைட் இரண்டாயிரம் ரூபாய்க்கு வருகிறதே, அது நல்லதா? அல்லது எல்லாவற்றையும் கூகுளில் போட்டுவிட்டால் போதுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படிக்கும் நேரத்தில் அந்த டிரைவ் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஃபார்மட் செய்யவா என்று கேட்டபோது சரி என்று அழுத்தாமல் விட்டீர்களே, அது பெரிய காரியம். அந்தக் கேள்வி வந்ததாலேயே உள்ளே இருப்பதெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சரி என்றிருந்தால் அதன் மேல் வெற்று அட்டவணை ஒன்றை எழுதியிருக்கும். அதற்குப் பிறகும் மீட்க வழி உண்டு. ஆனால் ஃபோல்டரும் பெயரும் தேதியும் கலைந்துபோய், ஆயிரக்கணக்கான போட்டோக்கள் ஒரே குவியலாகக் கிடைக்கலாம். அதில் உட்கார்ந்து எது எந்த வருடம் என்று பிரிப்பது பெரும்பாடு.

தம்பி சொன்னது, டிரைவில் பிழை தேடித் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கமாண்டாகத்தான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் டிரைவில் அட்டவணை மட்டும் குழம்பியிருந்தால் அது உதவும். உங்களுடையதோ சத்தம் போடும் டிரைவ். செக்டிஸ்க் அதை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும். படிக்க முடியாத இடங்களைத் தன் போக்கில் திருத்தி எழுதும். கால் உடைந்தவரை ஓடிக்காட்டச் சொல்வது மாதிரிதான் அது. ஃபிரீசர் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும், நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே தட்டுகளின் மேல் பனித்துளியாகப் படியும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால், அதுவரை மீட்க முடிந்ததும் மீட்க முடியாததாகிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்பது புரியும். போர்ட்டபிள் டிரைவின் பெட்டிக்குள் இருப்பது லேப்டாப்பில் வரும் அதே 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்தான். காந்தப் பூச்சு பூசிய தட்டுகள், பெரும்பாலும் கண்ணாடித் தட்டுகள், நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகின்றன. தகவலைப் படிக்கும் ஹெட் அந்தத் தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட் தன் இடம் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி போய்வரும்போது எழுவதுதான் டக் டக் சத்தம்.

ஹெட் தட்டில் உரசிவிட்ட டிரைவ்கள் என் மேஜைக்கு வருவதுண்டு. மேல்மூடியைக் கழற்றினால், பளபளவென்று கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டிய தட்டில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு கோடு ஓடும். உள்ளே ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு வெள்ளை ஃபில்டர் இருக்கும். அது கறுத்துப்போயிருக்கும். அந்தக் கறுப்புத் தூள், தட்டிலிருந்து சுரண்டப்பட்ட காந்தப் பூச்சு. ஒரு குடும்பத்தின் போட்டோக்களும் வீடியோக்களும் அந்தப் பூச்சில்தான் இருந்தன. பூச்சே போன இடத்தில் எந்த மென்பொருளாலும் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. சத்தம் வந்த பிறகு டிரைவை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கோட்டை அகலமாக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் முதலில் கழற்றுங்கள் என்றேன்.

ஆனால் நம்பிக்கை இழக்க வேண்டாம். டக் டக் சத்தம் மின்சாரம் போதாமல் இருந்தாலும் வரும். உங்களுடையது 2018 மாடல் என்பதால் டிரைவ் பக்கம் இருக்கும் கனெக்டர் தட்டையாக, அகலமாக, நடுவில் ஒரு பிளவோடு இருக்கும். அந்த வகை சீக்கிரம் தளர்ந்துவிடும். அதுவும் திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி! டார்ச் அடித்து அதன் உள்ளே பாருங்கள். உலோகப் பகுதி மங்கிப்போயோ, பச்சை பூத்தோ இருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கமிருந்து வரும் டிரைவ்களில் இதை நிறையவே பார்க்கிறேன். சிலவற்றில் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றினால், உள்ளே ஹெட்டோடு இணைப்புக் கொடுக்கும் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் கறுத்திருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே உயிர் வந்துவிடுகிற டிரைவ்களும் உண்டு. இதை நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள். கோளாறு எப்போதும் தட்டில்தான் இருக்கும் என்றில்லை, அதற்காகச் சொன்னேன்.

ஆகவே ஒரே ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். அதே மாதிரி டிரைவ் வைத்திருக்கும் யாரிடமாவது நன்றாக வேலை செய்யும் கேபிளை வாங்கிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம். லேப்டாப் என்றால் நேராக அதில், டெஸ்க்டாப் என்றால் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம் இருக்கும் நீல நிற யுஎஸ்பி 3.0 சொருகியில் மாட்டுங்கள். பழைய யுஎஸ்பி 2.0 சொருகி 500 மில்லிஆம்பியர் வரைதான் கொடுக்கும், 3.0 சொருகி 900 வரை கொடுக்கும். அந்த வித்தியாசமே சில டிரைவ்களுக்குப் போதும். டிரைவை மேஜை மேல் படுக்கையாக வைத்துக்கொண்டு காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் கேட்டால் நல்லது. டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் தொடர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். இரண்டாவது முறை முயல வேண்டாம்.

நல்லபடியாகத் திறந்தால், அதிலேயே உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். மனசு இழுக்கும், தெரியும். ஃபோல்டரின் தோற்றத்தை முதலில் வெறும் பெயர்ப் பட்டியலாக மாற்றுங்கள். சின்னச் சின்னப் படங்களாகக் காட்டச் சொன்னால் அதற்காகவே டிரைவ் ஒவ்வொரு கோப்பையும் படிக்க வேண்டியிருக்கும். பிறகு அப்பாவின் பதிவுகளை முதலில் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்யுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு பெரும்பாலும் நூறு எம்பியைச் சுற்றித்தான் இருக்கும்; சில நொடிகளில் வந்துவிடும். அடுத்து பிள்ளைகளின் போட்டோக்கள், வருடம் வருடமாக. பிறகு டிசைன்கள். கல்யாண வீடியோ அளவில் பெரியது, கடைசியில் வரட்டும். உங்கள் வீட்டிலோ அண்ணன் தம்பி வீட்டிலோ அதன் டிவிடி இன்னும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். கட் செய்து பேஸ்ட் செய்யக் கூடாது, காப்பி மட்டும். மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

திறக்கவில்லை என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். செலவு புது டிரைவின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கடையில் கொடுக்கும் முன் சில விஷயங்களை வாய்விட்டுக் கேளுங்கள். முதலில் டிரைவை அப்படியே முழு நகல் எடுத்து, அந்த நகலில்தான் வேலை செய்வீர்களா? மீட்க முடியாவிட்டால் எவ்வளவு வாங்குவீர்கள்? என்னைக் கேட்காமல் மூடியைத் திறப்பீர்களா? திறந்தால் தூசி வடிகட்டிய இடத்தில்தானே திறப்பீர்கள்? இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்பவரிடம் கொடுங்கள். "விட்டுட்டுப் போங்க மேடம், பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். சாதாரண மேஜையில் ஃபேன் காற்றில் மூடியைத் திறந்துவிட்டால், அடுத்துப் பார்ப்பவரின் வேலை மிகவும் கடினமாகிவிடும். வாரண்டி இன்னும் இருந்தாலும் கம்பெனிக்கு அனுப்பும் யோசனை வேண்டாம். வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. வேறு டிரைவ் கொடுப்பார்கள். அதில் உங்கள் அப்பா இருக்க மாட்டார்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். சத்தத்தைப் பற்றி எழுதிய வரி இல்லை அது. "போனில் அழித்துவிட்டேன்" என்ற வரி. போனிலும் டிரைவிலும் இருந்தவரை டிரைவில் இருந்தது பேக்கப். போனில் அழித்த நிமிடத்திலிருந்து பேக்கப்பே கிடையாது; ஒரே ஒரு பிரதி, அதுவும் சுழலும் தட்டில். எங்கள் ஏரியாவில் என்னிடம் கண்ணீரோடு வருபவர்களில் பெரும்பாலோர் கவனக்குறைவானவர்கள் இல்லை. உங்களைப் போலவே பொறுப்பாக டிரைவ் வாங்கி, பொறுப்பாக எல்லாவற்றையும் அதில் சேர்த்து, பீரோவில் பூட்டி வைத்தவர்கள்தான். பூட்டினால் திருடனிடமிருந்து காப்பாற்றலாம். வயதிலிருந்து காப்பாற்ற முடியாது. எந்த ஹார்டு டிஸ்க்கும் ஒரு நாள் நின்றுதான் போகும். அது நிற்கும் நாளில் அதே கோப்பு வேறு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் இதற்குச் சொன்ன கணக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்றாவது வேறு இடத்தில். உங்கள் வீட்டுக்கு இதை இப்படி வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஒன்று. பீரோவில் இருக்கும் டிரைவில் ஒன்று. உறவினர் வீட்டில் இருக்கும் இன்னொரு டிரைவில் ஒன்று. ரொம்ப முக்கியமானவை மட்டும் கூடுதலாக கூகுளில்.

ஆகவே இரண்டு டிரைவ் வாங்குங்கள். ஒரே நாளில் இரண்டையும் வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை. ஒன்றை இப்போதும் மற்றதை அடுத்த மாதமும் வாங்கலாம். சொல்லப்போனால் அது நல்லதும்கூட. ஒரே கம்பெனியில் ஒரே சமயத்தில் தயாரான இரண்டு டிரைவ்களுக்கு ஒரே குறை இருக்க வாய்ப்பு உண்டு. இன்று உலகத்தில் ஹார்டு டிஸ்க் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே நிறுவனங்கள்தான். இரண்டு டிரைவ்களும் வெவ்வேறு நிறுவனமாக இருக்கட்டும். உங்கள் தேவைக்கு ஒவ்வொன்றும் 2 டெராபைட் போதும். மாட்டியதும் 1.81 டெராபைட் என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்குகிறது. உங்கள் பழைய ஒரு டெராபைட் டிரைவ் 931 ஜிபி என்று காட்டியிருக்குமே, அதே கணக்குதான்.

எஸ்எஸ்டி வாங்கலாமா? சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் தகவலை வைக்கும் டிரைவ் அது. தினமும் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் அலைபவர் என்றால் கண்டிப்பாக எஸ்எஸ்டிதான். உள்ளே அசையும் பாகம் கிடையாது, கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் பல மடங்கு. ஆனால் பீரோவில் மாதக்கணக்கில் சும்மா படுத்திருக்கப்போகும் டிரைவுக்கு நான் ஹார்டு டிஸ்க்கையே சொல்வேன். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாக வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெயிலில் இன்னும் சீக்கிரம். ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு, எழுதும் ஆயுள் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்கிறது. புது எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும்தான். ஆனாலும் நம் ஊர் மே மாதத்தில் இரும்பு பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? அதோடு ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டோ மெதுவாகியோ நமக்குச் சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமலேயே போய்விடும். விலையும் ஒரு விஷயம். ஒரு எஸ்எஸ்டி வாங்கும் காசை இரண்டு ஹார்டு டிஸ்க்காக்கினால் உங்களுக்குப் பாதுகாப்பு அதிகம்.

அந்த 16 டெராபைட் இரண்டாயிரம் ரூபாய் டிரைவ் போலி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழகான அலுமினியப் பெட்டிக்குள் ஒரு சின்ன மெமரி கார்டைச் சொருகி, 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றியிருப்பார்கள். இதன் கொடுமை என்னவென்றால், நீங்கள் போடும் கோப்பு எல்லாம் ஏறியதாகவே காட்டும். பெயர் இருக்கும், அளவு இருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவது முன்னால் இருப்பதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கேயும் எழுதப்படாது. ஒரு வருடம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். பர்மா பஜாரோ ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் பில்லும் வாரண்டியும் உள்ளதை வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, சொன்ன இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று காட்டிவிடும். கோப்புகளைப் போடும் முன்பே அதை ஓட்டிப் பாருங்கள்.

புது டிரைவில் ஒரு சட்டத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: இது பேக்கப்புக்கு மட்டும். டிவியில் மாட்டிப் படம் பார்ப்பதற்கும், ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவதற்கும், மாணவிகளுக்கு டிசைன் கொடுப்பதற்கும் ஒரு பென் டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். டிவிக்குப் பின்னால் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்து விழுந்த டிரைவ்கள் எனக்கு அடிக்கடி வரும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டு வைரஸோடு திரும்பியவையும் வரும்.

வேலை முடிந்ததும் டிரைவைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் மாட்டியே வைத்திருந்தால் வசதிதான். ஆனால் 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை மாதிரியான, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால், கம்ப்யூட்டரில் இருப்பதோடு மாட்டியிருக்கும் டிரைவில் இருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாட்டாத டிரைவை எந்த வைரஸும் தொட முடியாது. கழற்றும் முன் 'சேஃப்லி ரிமூவ்' கொடுங்கள். 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து அது கட்டாயமில்லை என்பார்கள். எழுதும் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. ஆனால் மின்சாரம் திடீரென்று நிற்கும்போது ஹெட் அவசர அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டுக் கழற்றினால் நிதானமாக ஒதுங்கும். சுற்றுவது நிற்கும் வரை சில நொடிகள் கையை வைக்காமல் இருங்கள். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டக் கூடாது, சூடு வெளியேறாது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் பேக்கப் எடுக்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால், நீங்கள் பார்த்த அந்த ஃபார்மட் கேள்வி மறுபடி வரக்கூடும்.

எப்போது எடுப்பது என்பதற்கு, தனியாக நினைவு வைக்கத் தேவையில்லாத ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு வீட்டு டிரைவில் ஏற்றலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டுகிறீர்கள் அல்லவா, அந்த வாரம் வீட்டு டிரைவை உறவினர் வீட்டில் கொடுத்துவிட்டு அங்கே இருப்பதை வாங்கி வந்துவிடுங்கள். இரண்டும் மாறி மாறி ஓடும். எதுவும் வருடக்கணக்கில் தொடப்படாமல் கிடக்காது. போன் போட்டோக்களை கேபிள் போட்டு இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக உங்களுக்கே அனுப்பி இறக்கினால் அது சுருக்கப்பட்ட படம், அசல் இல்லை. ஏற்றி முடித்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலதைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகு போனில் அழிக்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே.

இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஆக்கும் சிங்க் மென்பொருள்களில் கவனம் தேவை. 'மிரர்' முறையில் வைத்தால், கம்ப்யூட்டரில் தவறிப்போய் அழித்தது டிரைவிலும் அழியும். உங்களுக்குச் சாதாரண காப்பியே போதும்.

சரி, எங்கே வைப்பது? பீரோ நல்ல இடம்தான். கைக்குட்டைக்குப் பதிலாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில், செருப்பு டப்பாவிலும் கைப்பையிலும் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டைப் போட்டு மூடுங்கள். இந்த ஹார்டு டிஸ்க்குகள் காற்றுப் புகாமல் மூடப்பட்டவை இல்லை. உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக ஒரு நுண்ணிய துளை வைத்திருப்பார்கள். அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். ஃபில்டர் தூசியைத் தடுக்கும், ஈரத்தை முழுதாகத் தடுக்காது. ஓடும்போது கவர் வேண்டாம். ஓய்வில் இருக்கும்போது மட்டும்.

பீரோவின் கீழ்த்தட்டு மட்டும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் கழிமுகப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது. ஒரு டிரைவ் வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணமே இதுதான். அந்த வீடு வியாசர்பாடியிலோ கொளத்தூரிலோ இருந்தால் முதல் மாடியா தரைத்தளமா என்று பாருங்கள். ஒரே மழையில் இரண்டு வீடும் மூழ்கினால் பயனில்லை. என்றைக்காவது டிரைவ் நனைந்துவிட்டால் ஹேர் டிரையர் போடாதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள், வேலை செய்கிறதா என்று மாட்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர் காய்ந்தால் அதில் இருந்த உப்பும் சேறும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே கவரில் மூடி, முடிந்த அளவு சீக்கிரம் ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

கூகுள் மட்டும் போதுமா? போதாது, ஆனால் வேண்டும். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் எல்லையில்லாத இலவச இடம் கிடையாது. மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும். இன்னொன்று, பேக்கப் ஆன போட்டோவை அந்த ஆப்பிலேயே அழித்தால் போனிலும் கூகுளிலும் சேர்ந்தே போகும். இலவச 15 ஜிபியை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், அப்பாவின் பதிவுகள் முழுவதுக்கும், பிள்ளைகளின் போட்டோக்களில் வருடத்துக்குக் கொஞ்சம் தேர்ந்தெடுத்தவற்றுக்கும். ஆதார், மார்க் ஷீட் போன்றவை தொலைந்தாலும் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். அப்பாவின் பேச்சை எந்த அலுவலகத்தில் கேட்டு வாங்குவது? இடம் குறைவு என்றால் அதற்குத்தான் முதலிடம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மாதம் ஒருமுறை டிரைவை மாட்டும்போது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். டிரைவ் தன்னைத் தானே கவனித்து எழுதிவைக்கும் குறிப்புகளை அது காட்டும். நீலம் என்றால் சரி. மஞ்சள் வந்தால், குறிப்பாகப் படிக்க முடியாத செக்டார்கள் (தட்டில் தகவல் எழுதும் சின்னச் சின்ன இடங்கள்) எண்ணிக்கையில், அன்றே இன்னொரு பிரதி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு புது டிரைவ் வாங்கிவிடுங்கள். எல்லாம் நீலமாகவே இருந்தாலும் ஐந்து வருடம் ஆனதும் மாற்றிவிடுவது என் வழக்கம். பழையதைக் காயலான் கடையில் போடாதீர்கள். நமக்கு ஓடாத டிரைவிலிருந்து மற்றவர் படிக்க முடியும்; உள்ளே உங்கள் பிள்ளைகளின் போட்டோக்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. அப்பாவின் பதிவுகள் பத்திரமாக வெளியே வந்ததும், அவற்றின் பெயர்களைப் பாருங்கள். போன் தானாக வைத்த ரெக்கார்டிங் 7, ரெக்கார்டிங் 8 என்ற பெயர்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் கேட்டு, பேசிய நாள், பேசுபவர் பெயர், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று தமிழிலேயே பெயர் மாற்றுங்கள். மில்லில் எந்தப் பிரிவில் வேலை, உடன் வேலை பார்த்தவர்களாக யார் யாரைச் சொல்கிறார், எந்த வருடத்துச் சம்பவம் என்பதையெல்லாம் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். இன்று உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் திறக்கும்போது, பேசுபவர் யார் என்று அந்தக் கோப்புதான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியில் செய்துவிட்டு, அதன் பிறகு இரண்டு டிரைவிலும் ஏற்றுங்கள். கேபிள் மாற்றிப் பார்த்ததில் என்ன சத்தம் கேட்டது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.